வளையலோடு பாடிய பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் வளையல் சத்தம் கேட்டது.

கண்ணாடி வளையல். ‘க்ளிங்’ என்று ஒரே ஒரு தடவை. அப்போது ஹாலில் இருந்தவர்கள் என் மனைவி வசந்தி, மகள் திவ்யா, வசந்தியின் தம்பி ரவி, அப்புறம் நான். ஒருவர் கையிலும் கண்ணாடி வளையல் கிடையாது.

பேய் பிசாசு என்று பயந்துவிடாதீர்கள். அந்தச் சத்தத்தைப் பிடிக்கத்தான் நான் இத்தனை நாளாக வயரும் கையுமாக அலைந்தேன். கடைசியில் பிடித்தேவிட்டேன்!

கதை, திவ்யா அம்மா வயிற்றில் இருந்த காலத்தில் தொடங்குகிறது. மாத்தளையில் எங்கள் பகுதிக் கோயில் தேர்த் திருவிழாவுக்காகச் சிலர் சேர்ந்து ஒரு பக்திப் பாடல் சிடி போட்டார்கள். கொழும்பில் ஸ்டூடியோ எடுத்தாகிவிட்டது. கோரஸுக்கு மூன்று பெண்களும் தயார். கிளம்பும் நேரத்தில், ‘குரல் பத்தாது போலிருக்கே’ என்று யாருக்கோ சந்தேகம் வர, நான்காவதாக வசந்தியைக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். ஒலிப்பதிவு செய்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “அந்த வளையல எல்லாம் கழட்டுங்கம்மா!” என்று கத்தியிருக்கிறார்.

கழற்றுவாளா வசந்தி? பிள்ளை பிறக்கும்வரை கழற்றக்கூடாது என்று ஒரே பிடிவாதம். கடைசியில் இரண்டு கைகளிலும் துவாயைச் சுற்றி, மைக்கை விட்டுத் தள்ளி, இடது ஓரமாக நிற்க வைத்தார்களாம். அப்படியே பாடிவிட்டு வந்தாள்.

“கடைசி சரணத்துல துவாய் நழுவிருச்சுங்க. ஒரே ஒரு தடவ சிணுங்குச்சு. நேரம் முடிஞ்சதால மறுபடி எடுக்கல” என்று அன்றே என்னிடம் சொன்னாள்.

சிடி வந்தது. உறையில் கோரஸ் பெயர்கள் மூன்றுதான்! உறையை முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்களாம். எங்களிடம் இருந்த ஒரே சிடியை யாரோ கேட்டுவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார்கள்... இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருந்தது போனிலிருந்து போனுக்குத் தாவித் தாவி வந்த ஒரு காப்பி. அதில் கோரஸ் வரும்போது மூன்று பேர் பாடுகிறார்களா முப்பது பேர் பாடுகிறார்களா என்றே விளங்காது.

இது போதாதா ரவிக்கு? அவர் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரி. லொறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரலில்தான் பேசுவார். ஒவ்வொரு விசேஷத்திலும் இந்தக் கதையை இழுத்துவிடுவார்.

“பேரு மூணு, குரலும் மூணு. எங்கக்கா கொழும்புக்குப் போயி வாயசைச்சிட்டு வந்திருக்கு!”

எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தியும் சிரிப்பாள். ஆனால் அன்றைக்கு இரவுச் சோறு அவளுக்கு இறங்காது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாழ்நாளில் ஸ்டூடியோவில் பாடியது அந்த ஒரே பாட்டுத்தான் ஐயா!

போன மாதம் அந்த ஆல்பத்தை யாரோ ஸ்ட்ரீமிங்கில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் ‘லாஸ்லெஸ்’ என்ற முத்திரை வேறு. நான் துள்ளிக் குதித்தேன். அன்று வந்திருந்த ரவியிடம், இனி உண்மை வெளியே வரும் என்று சவால் விட்டேன்.

“லாஸ்லெஸ்னா என்ன மச்சான்?” அவருக்குத் தெரிந்த முட்டைக்கோஸை வைத்தே விளக்கினேன்.

“கோவா ஏத்துறப்ப வெளி இலையெல்லாம் உரிச்சுப் போட்டுட்டு ஏத்துறீங்கள்ல? லொறியில நெறைய புடிக்கணும்னு? சாதாரணமா பாட்டையும் அப்படித்தான் உரிச்சு அனுப்புறாங்க. இது உரிக்காத கோவா. தோட்டத்துல இருந்தது அப்படியே வரும்.”

“புழுவோடயா?”

“வளையலோட!”

ரவி தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு ஒரு பந்தயம் வைத்தார். வளையல் சத்தம் கேட்டால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தன் வாயாலேயே ஒத்துக்கொள்வாராம். கேட்காவிட்டால் அக்கா இனி இந்தக் கதையையே எடுக்கக்கூடாது. எவரிடமும்!

“சரி” என்றாள் வசந்தி. பட்டென்று. 

வேலையில் இறங்கினேன். முதலில் எங்கள் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அதே கூட்டக் குரல்! படித்துப் பார்த்தால், எவ்வளவு நல்ல பாட்டு வந்தாலும் புளூடூத் பெரும்பாலும் அதை மறுபடி சுருக்கித்தான் அனுப்புமாம். உரிக்காத கோவாவை வரவழைத்து, வாசலில் வைத்து நானே உரித்திருக்கிறேன். அதோடு அது ஒற்றை ஸ்பீக்கர். இடது ஓரத்தில் நின்ற வசந்திக்கு அதில் இடமேது?

புளூடூத்தை ஓரம் கட்டினேன். அல்மாரிக்கு மேலே இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரை இறக்கித் துடைத்தேன். ஹாலின் இரண்டு மூலையிலும் அதற்குரிய ஸ்பீக்கர்கள் பல வருடமாக அலங்காரமாக நிற்கின்றன. போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி வேண்டும். ‘டேக்’ என்பார்கள், டிஜிட்டலை ஒலியாக மாற்றித் தருவது அதுதான். அதையும் வரவழைத்தேன். அதில் ஒரு குட்டி விளக்கு. சிடியில் இருந்த அளவிலேயே பாட்டு வந்தால் பச்சை. வழியில் போன் கைவைத்து அளவை மாற்றியிருந்தால் சிவப்பு.

எனக்கு எரிந்தது சிவப்பு.

போன் எல்லாச் சத்தத்தையும் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவுக்கு மாற்றித்தான் வெளியே விடுகிறது. அப்படி மாற்றாமல் நேராகப் பெட்டிக்கு அனுப்பச் சொல்லும் ஒரு தெரிவு, செயலியின் செட்டிங்ஸில் ஒளிந்துகொண்டிருந்தது. அதைத் தேடி அழுத்தினேன். பச்சை! வசந்தியைக் கூப்பிட்டு விளக்கைக் காட்டினேன். “பாட்டக் காட்டுங்கன்னா பல்பக் காட்டுறீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பச்சை எரிந்தும் பாட்டு தெளியவில்லை. இன்னும் எங்கே கோளாறு? ஒலித் தரம் என்ற இடத்தைத் திறந்தால்... ‘டேட்டா சேமிப்பு: ஆன்’.

நம் நாட்டில் டேட்டா தீராமல் பார்த்துக்கொள்வது ஒரு குடும்ப ஒழுக்கம் இல்லையா? மாத நடுவில் பெக்கேஜ் முடிந்து தவித்த நாட்களில் எல்லாவற்றையும் குறைத்து வைத்தோம். வீட்டுக்கு ஃபைபர் வந்தும் அந்தக் கை இன்னும் நீளவில்லை. நீங்களும் ஒரு தடவை திறந்து பாருங்களேன், உங்கள் போனிலும் அது ஆனில்தான் இருக்கும். அதை அணைத்தேன். லாஸ்லெஸ்ஸைத் தெரிவு செய்தேன். ஈக்வலைசரையும் அணைத்தேன். இனி எது தடுக்கும்?

ஞாயிறு காலை ரவி ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வந்து இறங்கினார். கண்டியில் வேலை செய்யும் திவ்யாவும் வந்திருந்தாள். வசந்தி எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி நின்றாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டைப் போட்டேன். முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மிருதங்கம் கும்மென்று விழுந்தது. ஆனால் கோரஸில் மூன்று குரல்தான். கடைசி சரணம் வந்தது, போனது. வளையலும் இல்லை, கிளையலும் இல்லை.

ரவிக்கே என்னவோ போலாகிவிட்டது. “சரி விடுக்கா, பாட்டு நல்லாத்தானே இருக்கு” என்றார், முதல் தடவையாகச் சத்தத்தைக் குறைத்து.

“நான் பாடினேன்டா” என்றாள் வசந்தி. அவ்வளவுதான்.

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இடது ஸ்பீக்கரை முறைத்தேன். பார்த்தேன்... அட என் கடவுளே!

ஸ்பீக்கருக்கு உறை! ஊதாப் பூப்போட்ட கம்பளி நூலில் வசந்தி கைப்படப் பின்னிய உறை. டிவி, மிக்ஸி, மைக்ரோவேவ் எல்லாவற்றுக்கும் போட்டது போலவே இரண்டு ஸ்பீக்கருக்கும் போட்டு, அது எங்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே, கடையில் வந்த பொலித்தீனையும் கழற்றவில்லை. புதுசு பழசாகிவிடக்கூடாதே! கிண்ணென்ற மெல்லிய சத்தமெல்லாம் அந்தப் பொலித்தீனைத் தாண்டி எப்படி வரும்?

“ஐயோ, மூடி வச்சது நானா!” என்று தலையில் கைவைத்தாள் வசந்தி.

இரண்டையும் உருவி எறிந்தேன். பொலித்தீனைக் கிழித்தேன். அப்பா, என்ன திருப்தி! மறுபடி பாட்டைப் போட்டேன்.

முதல் வரியிலேயே ரவி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோரஸ் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... அப்புறம் இடது மூலையில், சற்றுத் தள்ளி, மெல்லிசாக இன்னொரு குரல். சமையலறையில் நான் தினமும் கேட்கும் அதே குரல். வயது மட்டும் குறைவு.

“அம்மா!” என்றாள் திவ்யா.

கடைசி சரணம். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

க்ளிங்.

நான் கதிரையை விட்டு எழும்பிக் கூத்தாடினேன் என்று திவ்யா சொல்கிறாள். நம்பாதீர்கள், லேசாகத்தான் குதித்தேன். ரவியைப் பார்த்தால், மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த வளையல நான்தானேக்கா டவுனுக்குப் போயி வாங்கிட்டு வந்தேன்... பச்ச கலரு. மறந்தே போச்சு.” அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுருக்கா. நாலாவது குரல் எங்கக்காவோடதுதான்.”

“அத இங்க சொல்லாத. குரூப்புல சொல்லு!” என்றாள் வசந்தி. எவ்வளவு நாள் காத்திருந்த வாக்கியம் அது!

சொன்னார். தம்புள்ளைக் குரலில், வாய்ஸ் மெசேஜாக. நாவுலயில் இருக்கும் சித்தப்பா வீட்டில் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

திவ்யா நான்காவது முறையாகப் பாட்டைப் போட்டுவிட்டு, அம்மா தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: “அப்போ நானும் அந்த ஸ்டூடியோவுல இருந்திருக்கேன்தானே?”

“நீ உதைச்சுத்தான்டி துவாயே நழுவுச்சு” என்றாள் அவள் அம்மா.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால், ‘தூசு படும்’ என்று வலது பக்க ஸ்பீக்கருக்கு வசந்தி உறையை மாட்டியிருந்தாள். இடது பக்கத்து உறையைத் துவைத்து, மடித்து, அல்மாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.