மியூரியல் ப்ராஸரின் ஒரு ஓட்டு

எங்கள் ஆல்டன்வெல் தொகுதியில் நாலு தலைமுறையாக ஆஷ்கோம் குடும்பத்தார்தான் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. தாத்தா ஆஷ்கோம் இருபத்திரண்டு வருஷம் பாராளுமன்றத்தில் உட்கார்ந்து மூன்றே முறை வாய் திறந்தார். மூன்றும் வேட்டை நாய்களைப் பற்றி. அவர் மகன் சர் ஜெர்வஸ் அந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ளவில்லை. கட்சி சொன்ன பக்கம் ஓட்டுப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார் மகாராசன்.

இவர்களை ஜெயிக்க வைத்தவள் மியூரியல் ப்ராஸர். தானியக் கடைக்காரர் மகள், கட்சி அலுவலகச் செயலாளர். முப்பத்தொரு வருஷம் தபால் உறைகளில் விலாசம் எழுதினாள், மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. அதற்கு ஆஷ்கோம் குடும்பம் கிறிஸ்துமஸ் தோறும் வேட்டையில் சுட்ட காட்டுக்கோழி ஒரு ஜோடி அனுப்பும். ஒரு வருஷம் உள்ளே இருந்த ஈயக் குண்டைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டாள். அதற்கும் நன்றிக் கடிதம் எழுதினாளே, அவளை என்ன சொல்ல! கட்சி அலுவலகத்தில் டீ போடுகிற நான் கண்ணால் பார்த்தது இது.

எண்பத்து மூன்றாம் வருஷம் சர் ஜெர்வஸ் உடம்புக்கு முடியாமல் ஒதுங்கினார். அப்போது மியூரியல் தானே வேட்பாளராக நிற்க ஆசைப்பட்டாள். வயது ஐம்பத்தாறு.

"ஒரே ஒரு தடவை, டிலிஸ், நான் ஒட்டுற நோட்டீஸ்ல என் பேரு இருக்கணும்" என்றாள் என்னிடம்.

எதிரே நின்றது சர் ஜெர்வஸின் மகன் பெரெக்ரின். லண்டனிலிருந்து கூட்டத்தன்று மத்தியானம்தான் வந்து இறங்கினார். ஊர் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதை மூட அவர் அப்பா ஓட்டுப் போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

சாயங்காலம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி உறுப்பினர் கூட்டம். மியூரியல் பஸ்ஸைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினாள். பண்ணைக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். பெரெக்ரின், இந்த மண்டபம் தாத்தாவுக்கு மிகவும் பிடிக்கும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சீட்டு எழுதிப் போட்டு எண்ணினார்கள். பெரெக்ரினுக்கு நாற்பத்தொன்று, மியூரியலுக்கு நாற்பது.

சமையலறையில் கோப்பை கழுவும்போது மியூரியல் மெதுவாகச் சொன்னாள்.

"நான் அவருக்குத்தான் போட்டேன். நமக்கு நாமே போட்டுக்கிறது நல்லாவா இருக்கும்? எதிராளிக்குப் போடறதுதான் மரியாதைன்னு சர் ஜெர்வஸ் எப்பவும் சொல்வாரே."

நான் கோப்பையை டப்பென்று வைத்தேன். அந்த நேரம் பார்த்து பெரெக்ரின் கேக் தேடி உள்ளே வந்தார். நான் நேருக்கு நேர் கேட்டேன், நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று.

"எனக்குத்தான். பின்னே?" என்றார், வாய் நிறையக் கேக்குடன். "அந்த மரியாதை எல்லாம் அப்பா ஊராருக்குச் சொல்றது. வீட்ல யாரும் அப்படிச் செஞ்சதில்ல."

மியூரியலின் முகம் செத்துப்போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு உறை எழுத ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார். அவள் ஈரக் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டரைக்கே வந்துடறேன், சின்னவரே."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தேன். மானங்கெட்டவள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை எட்டே காலுக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தவள் நான்தான்.