ஐந்தரை அங்குலம்

எங்கள் வீட்டு எருமை வட்டமாக இல்லை என்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வட்டத்தின் குறுக்களவை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் அதன் சுற்றளவு வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வாரம் அது. எருமைக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு சிலேட்டையும் இந்தப் பக்கம் நான் ஒரு சிலேட்டையும் நிறுத்திப் பிடித்து, இடைப்பட்ட அகலத்தை அளந்து, பெருக்கி வகுத்தேன். பிறகு கயிற்றை வயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தால் விடை ஒத்துவரவில்லை. கணக்கு பொய்யாகாது. ஆகவே குறை எருமையிடம்தான் என்று முடிவு கட்டினேன்.

சாத்தூரில் எங்கள் தெருவில் அந்த வாரம் என் அளவுகோலுக்குத் தப்பிய பொருள் எதுவும் இல்லை. இட்லித் தட்டு, ஆட்டுரல், மாட்டு வண்டிச் சக்கரம், கிணறு, அடுத்த வீட்டுப் பூசணிக்காய், தம்பியின் தலை எல்லாவற்றையும் அளந்தேன். ஒரு சேவலையும் அளக்கப் போய்க் கையில் கொத்து வாங்கினேன். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கைக்கு மருந்து போட்டபடியே கேட்டாள்.

“கயித்தச் சுத்துனா முடிஞ்சுபோற காரியத்துக்கு எதுக்குடி இம்புட்டுப் பாடு?”

நர்ஸ் வேலைக்குக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது போலும் என்று அம்மாவை மன்னித்துவிட்டேன்.

என் அருமை தெரிந்தவர் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான். அம்மாவின் தம்பி, என் மாமா. அச்சங்குளத்துப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். அதுவரை மற்றவர்களின் லேபிளுக்குத்தான் சரக்குச் செய்துகொடுத்தார். அந்த வருஷம் முதல் தடவையாகச் சொந்த லேபிள். ஊரெல்லாம் கம்பி மத்தாப்பைச் சப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்க, இவர் உருண்டையான அட்டைக் குழாயில் அடைத்து அனுப்பத் திட்டம் போட்டார். வடக்கே ஒரு வியாபாரி, முதல் லோடு பிடித்திருந்தால் வருஷா வருஷம் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் பழையபடி அடுத்தவர் லேபிளுக்கு உழைக்க வேண்டியதுதான் என்பதை அத்தை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது நினைவூட்டிக்கொண்டிருந்தாள்.

லேபிளின் அளவைச் சிவகாசி அச்சகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டிய நாளில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக ஒரு காகித நாடாவைச் சுற்றிப் பார்த்து அளவெடுப்பவர். அன்று குழாயை என் முன்னால் வைத்து, “எங்க மருமகளே, ஒங்க புதுக் கணக்கப் போடுங்க பாப்போம்” என்றார்.

குறுக்களவு ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது ஏழின் கீழ் நான்கு. அதை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுக்கப் போனால், மேலே ஓர் ஏழு, கீழே ஓர் ஏழு. இரண்டும் அடிபட்டுப் போய், விடை சுத்தமாக ஐந்தரை என்று வந்து நின்றது. எருமையிலோ பூசணிக்காயிலோ நான் கண்டிராத அழகு அது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“ஒட்டுறதுக்கும் சேத்துத்தான சொல்லுற, தாயி?” என்று மாமா கேட்டார்.

“எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளயே அடங்கிரும், மாமா.”

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். இருபத்திரண்டையும் ஏழையும் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தரை என்று எழுதிக்கொண்டு போனார்.

தீபாவளி சீசனில் லேபிள் கட்டுகள் வந்து இறங்கின. மயிலின் தோகை குழாயைச் சுற்றிவந்து அதன் கழுத்தருகே முடிகிற படம், கண்ணைப் பறித்தது. கம்பெனியில் வெடிமருந்து அறைகளுக்கு எட்டத்தில் இருந்த ஒட்டுக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து முதல் குழாயை ஒட்டினார்கள். சனிக்கிழமை லாரி வரவேண்டும். அன்று வியாழக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் என் வெற்றியைக் காண நானும் போயிருந்தேன்.

லேபிளின் விளிம்பும் விளிம்பும் கச்சிதமாக முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொள்ள ஒரு நெல்முனை அளவுகூட இடமில்லை. பசை காய்ந்ததும் இரண்டு விளிம்பும் மேலே தூக்கிக்கொள்ள, மயிலுக்கும் தோகைக்கும் நடுவே பழுப்பு அட்டை பல்லைக் காட்டியது. அச்சகத்துக்கு ஆள் ஓடியது. அச்சடிக்கப் படம் வரைந்திருந்த அச்சுக்கல்லைத் தேய்த்து வேறு கம்பெனி லேபிளுக்கு எடுத்தாயிற்று, சீசன் முடியாமல் மறுபடி அடிக்க முடியாது என்று பதில் வந்தது.

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். “எந்த மகராசன் எடுத்த அளவு இது?”

“நான்தான்” என்றார் மாமா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. “ஒட்டுக்கு விட மறந்துட்டேன்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “இல்ல அத்த, அளவு சொன்னது நானு! பாருங்க, எம்புட்டுச் சரியா முட்டுது! அஞ்சரை சரிதான்!”

“சரிதான், சரிதான். அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல” என்றார் மாமா அவசரமாக. “ஒட்டுக்குச் சேக்க வேண்டியது என் வேல. சின்னப் புள்ளகிட்ட என்ன பேச்சு?”

அவர் என்னிடம் கேட்டதும் நான் பதில் சொன்னதும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. என் கணக்கை இத்தனை பேர் முன்னால் தன் பெயரில் போட்டுக்கொள்கிறாரே என்பது மட்டும்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைச் சேலையோடு அப்படியே பஸ் ஏறி வந்த அம்மா, ஒரு குழாயை எடுத்து அந்தப் பிளவை விரலால் தடவிப் பார்த்தாள். “காயத்துக்குப் பிளாஸ்திரி போடுற மாதிரி மேல ஒரு பட்டை போட்டா மூடிரும்ல?” என்றாள். கொட்டகையில் சிவப்புக் காகிதம் கட்டுக் கட்டாகக் கிடந்தது. விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாக் குழாயிலும் ஒட்டி முடித்தார்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வெட்டினேன். சனிக்கிழமை லாரி புறப்பட்டது. மாமாவோடு நான் அதன்பிறகு பேசவே இல்லை.

தீபாவளி கழிந்து வடக்கத்தி வியாபாரியிடமிருந்து கடிதம் வந்தது. சரக்கு நன்றாகப் போனதாம். சிவப்புக் கோடு போட்ட மத்தாப்பு என்றே கடைகளில் கேட்டு வாங்கினார்களாம். அடுத்த வருஷம் இரண்டு மடங்கு வேண்டும், அந்தக் கோடு மாறக்கூடாது என்று எழுதியிருந்தார். மாமா கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லி, வாசித்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணக்கு கடைசியில் ஜெயித்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பெரிய மனதோடு அவரோடு பேசவும் தொடங்கினேன்.

அடுத்த வருஷ லேபிளில் சிவப்புக் கோட்டையும் சேர்த்தே அச்சடிப்பதாக ஏற்பாடு. அத்தை, அம்மா, கம்பெனிக் கணக்குப்பிள்ளை எல்லோரும் இருக்க, மாமா மறுபடியும் குழாயை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். “அளவு என்ன, மருமகளே?”

“அதே அஞ்சரைதான், மாமா. கணக்கு வருஷத்துக்கு வருஷம் மாறுமா?”

“அது எப்படி மாறும்?” என்று சொல்லி, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதத் தொடங்கினார். ஐந்தரை என்று எழுதுவதற்கு ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அவர் பென்சில் ஓடியது. பிறகு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் இன்னும் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.