எந்தப் பக்கத்து ரத்தம்?

மரபணு ஆலோசகர் என்றால் தேனியில் யாருக்கும் புரிவதில்லை. ரிப்போர்ட்டில் இங்கிலீஷில் இருக்கும் கெட்ட செய்தியைத் தமிழில் சொல்கிறவள் என்றால் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே! சொல்கிற என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆள் வராத தோட்டம்

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற முருகேசன், மனைவி செல்வியோடு வந்தார். மகள் தர்ஷினிக்கு இரண்டு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அறைகள் உண்டு. தின்ற சோறு சக்தியாவது அங்கேதான். அந்த அறை தன் வேலைக்கான குறிப்புகளை ஆர்.என்.ஏ. என்ற நூலிழையாக நகலெடுக்கும். வேண்டியதை மட்டும் எடுக்கத் தெரியாது, மொத்தமாக எடுத்துத் தள்ளும். வேண்டாத நூல் மடங்கிச் சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஒரு புரதம் அந்த முடிச்சை அவிழ்க்க, இன்னொன்று நுனியிலிருந்து நறுக்கிக்கொண்டே வரும். தர்ஷினிக்கு அந்த நறுக்குகிற புரதத்தில் பழுது. குப்பை தேங்குகிறது, காது அடிபட்டிருக்கிறது.

இதை எப்படிச் சொல்வது? கொடி வெட்டிக் கவாத்து முடிந்த பந்தலைத்தான் பிடித்துக்கொண்டேன். வெட்டிய கொடி கம்பியைச் சுற்றிக்கொண்டு கிடக்குமே, ஒருத்தர் அவிழ்த்துவிட ஒருத்தர் நறுக்குவாரே, அது மாதிரி என்றேன். முருகேசன் மெதுவாகத் தலையாட்டினார். மடியில் தூங்கிய மகளின் காதைத் தடவியபடியே கேட்டார்:

"அவுக்க ஆளு இருக்கு, நறுக்கத்தான் ஆளு வரலைங்கிறீக. அந்த ஆளக் கூட்டியார நான் எங்கன போகணும், மேடம்?"

சத்தமாகச் சொல்லுங்கள்

அடுத்த முறை செல்வி தனியாக உள்ளே வந்தாள். அவள் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. மாமியார் பேச்சியம்மாள், அவள் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அந்த அத்தைதான் இப்போது, குறை மருமகளிடம் இருக்கிறது, அவளைப் பிறந்த வீடான கெங்குவார்பட்டிக்கே அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாசமா இருக்கப்ப தோட்டத்துல மருந்தடிச்சாக. நான் அங்கனதான் நின்னேன். அதனாலயா?" என்றாள் செல்வி. இல்லவே இல்லை, இது கருவாகும்போதே வந்தது, நீ தின்றதும் நின்றதும் காரணமே இல்லை என்றேன். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னொருக்கா சொல்லுங்க மேடம். எங்க அத்தை வெளிய உக்காந்திருக்காக, அவுகளுக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லுங்க."

தங்கமான ரத்தம்

இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் ரத்தத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. பேச்சியம்மாள் கொடூரமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். வராந்தாவில் விளையாடிய பேத்தியைக் கூப்பிட அவர் காலால் தரையைத் தட்டினார். அதிர்வு பட்டதும் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இந்த வழியைக் கண்டுபிடித்ததே அவர்தானாம். ரத்தம் எடுக்கிற ஜமீலா அக்காவிடம் மட்டும் கையை நீட்டிக்கொண்டே முறுக்காகச் சொன்னார்:

"நல்லாப் பாத்துக்க தாயி. தங்கமான ரத்தம். குத்தம் பூராவும் அவ பக்கந்தேன்."

அந்தப் பக்கம்

முடிவு வந்தது. எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினேன். இந்தப் பழுது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குழந்தையைப் பாதிக்கும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது.

"செல்விக்கு எங்கன இருந்து வந்துச்சு?" என்று பேச்சியம்மாள் விடவில்லை. அவள் அப்பாவிடமிருந்து என்றேன். அப்படியா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம்மகனுக்கு?" உங்களிடமிருந்து என்றேன். நீங்களும் உங்கள் அண்ணனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இருவரிடமும் இருப்பது ஒரே பழுது என்றும் சொன்னேன்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன பூகம்பம் வரப்போகிறதோ என்று நினைத்தேன். பேச்சியம்மாள் எழுந்துபோய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏத்தா, உன்னப் பொறந்த வீட்டுக்கு அனுப்பணும்னா என்னையுமில்ல அனுப்பணும்? ரெண்டு பேருக்கும் அதே வீடுதானே. பேசாம இங்கனயே கெடப்போம்."

இந்த வேலையில் இதுவரை ஒருத்தரையும் நான் குணப்படுத்தியதில்லை, ஆனாலும் சில நாட்களில் ஒரு பஸ் டிக்கெட்டையாவது மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறேன்.