தம்பியை முதலாளி என்று கூப்பிட்ட நாட்கள்

நாங்கள் வந்து சேர்ந்த வெளிநாட்டில், மங்கரே என்ற இடத்தில், எங்கள் ஆள் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்பக்கம் சமையலறை. கோவில் அன்னதானம், பிறந்தநாள், கலியாணம் எல்லாவற்றுக்கும் அங்கேயிருந்துதான் சாப்பாடு போகும். அந்தச் சமையலறையை நடத்தியவள் என் மகள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவள் வேலை விசாவில் இருந்தாள், நான் அவளைப் பார்க்க வந்தவள் என்ற விசாவில். ஊரில் சண்டைக்குள் வீடும் போய், அவளுடைய அப்பாவும் போய்விட்டார். அவளுக்கு நிரந்தர விசா கிடைக்காவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் போக இடமில்லை.

கடைக்காரர் அவளுக்கு அண்ணை, எனக்குத் தம்பி. என்னை வாய் நிறைய அம்மா என்பார். சம்பளம் குறைவுதான். ஆனால் கடைக்குப் பின்னால் ஓர் அறை, அரிசி, பருப்பு, கோவிலுக்குப் போக அவருடைய வான் வண்டி. அண்ணை என்று கூப்பிடுகிறவரிடம் கூலி பேசுவது எங்கள் ஆட்களுக்குள் மரியாதையில்லை. நானும் சும்மா இராமல் ஒவ்வொரு காலையும் கடையில் விற்க உருளைக்கிழங்குக் கறி வைத்து ரோல்ஸ் சுற்றிக் கொடுத்தேன். ஒரு சதம் கேட்டதில்லை.

அப்போதுதான் சட்டத்தை மாற்றினார்கள். வேலை இருந்தால் மட்டும் போதாதாம், சம்பளமும் அவர்கள் சொல்கிற அளவுக்கு இருக்க வேண்டுமாம். பக்கத்தில் மனுகாவில் விசா அலுவல் பார்க்கிறவர் இதைச் சொன்னபோது, அறையையும் அரிசியையும் சம்பளத்தோடு சேர்க்க முடியாதோ என்று கேட்கச் சொன்னேன். மகள் இங்கிலிசில் கேட்டாள். அந்த மனிசன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. இதே மாதிரி இன்னொரு சமையலறையில், இதே மாதிரிச் சம்பளத்துக்கு நின்றவருக்குச் சட்டம் மாறுவதற்கு முன்னம் விசா கிடைத்துவிட்டது. அடுப்பில் நின்று என் மகளின் கையில் பட்ட தீக்காயம் மட்டும் குறைந்த விலையோ?

கடைக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் மாறவேயில்லை.

"அதுக்கென்னம்மா, பேப்பரில கூட்டிப் போடுவம். பாங்கில கூடுதலா வாற காசைத் தங்கச்சி கையில திருப்பித் தரட்டும். எங்களுக்குள்ளதானே."

மகள் தலையாட்டினாள். எனக்கு உச்சி கொதித்தது.

"கூடின சம்பளத்துக்கு வரியும் கூடுமே. அதையும் அவள்தான் கட்டுறதோ, தம்பி?"

அது சின்னக் காசு என்றார்.

அறைக்கு வந்ததும் மகள் என்மேல் பாய்ந்தாள். அவர் துரத்தினால் நாங்கள் எங்கே போவது, வாயை மூடிக்கொண்டிருங்கோ என்றாள். அவள் பயந்ததில் பிழையில்லை. ஆனால் எனக்கு வாயை மூடிப் பழக்கமில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை, கடை நிறையச் சனம். நான் சமையலறை வாசலில் நின்று, "முதலாளி, உருளைக்கிழங்கு முடிஞ்சுது" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிளகாய்த்தூள் வாங்க வந்த ஒருவர், "என்னண்ணை, ஃபேக்டரி ஏதும் திறந்திட்டியளோ?" என்று கேட்டார். கடைக்காரர் பல்லைக் காட்டினார். பிறகு உள்ளே வந்து, ரோல்ஸ் எங்கே என்று மெல்லக் கேட்டார்.

"எனக்கு வேலை விசா இல்லை, முதலாளி. சட்டம் விடாது."

அதற்குப் பிறகு ஒரு ரோல்ஸும் நான் சுற்றவில்லை. கோவிலிலும் முதலாளி, வானுக்குள்ளும் முதலாளி. மகள் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். இரண்டு கிழமை போயிருக்கும், அவரே அறை வாசலுக்கு வந்தார்.

"அம்மா, அப்பிடிக் கூப்பிடாதேங்கோ. சனம் ஒரு மாதிரிக் கதைக்குது."

"வேலை செய்யிறவளிட்டக் காசு திருப்பிக் கேக்கிறவரை வேறென்னெண்டு கூப்பிடுறது?"

 கடைசியில் அவர், சட்டம் கேட்கிற சம்பளத்தையே தருகிறேன், திருப்பித் தர வேண்டாம், ஆனால் இனி அறைக்கு வாடகை வேண்டும், அரிசியும் கிடையாது என்றார். நல்லது என்றேன். வாடகை கொடுக்கிற அறைக்குள் கடைச் சாமான் நிற்கக்கூடாது என்றும் சொன்னேன். எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த செத்தல் மிளகாய் மூட்டைகளை அவரே தூக்கிக்கொண்டு போனார். நான் கதவை மட்டும் பிடித்தேன்.

மாதங்கள் கழித்து விசா வந்தது. மகள் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். தான் கொடுத்த வேலைக் கடிதத்தால்தான் எல்லாம் நடந்தது என்று, கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். மகள் "ஓம் அண்ணை" என்றாள்.

"கடிதத்துக்கு இல்லை," என்றேன் நான். "அவள் அடுப்பில நிண்டதுக்குத்தான் விசா குடுத்தவங்கள்."

அவர் கல்லாவைத் திறந்து, ஒருவரும் காசு நீட்டாமலே சில்லறை எண்ணத் தொடங்கினார்.