சிறப்பாசிரியர் அருணாதேவி கேட்ட மன்னிப்பு

சாத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் அருணாதேவி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கோபக்கார டீச்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அமர்த்தப்பட்ட சிறப்பாசிரியர் அவள். ஒரே பள்ளியில் நிலையாக உட்கார முடியாது, ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போக வேண்டும். போகிற இடத்தில், ஒடிந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருக்கும் அறையைத் திறந்துவிட்டு, "இங்கன வச்சுப் பாத்துக்கோங்க டீச்சர்" என்பார்கள். பிள்ளைகளையும் அந்தப் பெஞ்சுகளோடு சேர்த்துக் கழித்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றும். அன்றைய கோபம் அங்கேயே தொடங்கிவிடும்.

மல்லாங்கிணறு பக்கம் மானாவாரிப் பருத்தி போட்ட வீட்டில் பிறந்தவள். "இவளைக் கட்டிக்கிறவன் பாவம்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். கட்டிக்கொண்ட சரவணக்குமார் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். அவன் ஒன்றும் பாவப்பட்டுப் போகவில்லை. அவள் முகம் சிவந்து வருகிற நாளில் சத்தமில்லாமல் உலை வைத்துவிடுவான். காலண்டர் வெட்டியதில் மிஞ்சிய அட்டைகளை அவளுக்காக எடுத்து வருவான். அந்த அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாகத் துளை வெட்டி, பாடப்புத்தகத்தின் மேல் வைத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வாள். பக்கம் முழுக்க எழுத்து மொய்க்கும்போது மிரளுகிற கண், ஒற்றை வரியில் கொஞ்சம் நிதானப்படும்.

ஓவியாவை அவள் பார்த்தது அப்படி ஓர் அறையில்தான். ஒன்பதாம் வகுப்பு. அம்மா இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அருணாதேவி அறிவியல் பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினாள். ஓவியா அதைத் தன் பேச்சில் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள், நடுவில் ஒரு சந்தேகமும் கேட்டாள். அதே பாடத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னதும் பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. 'பாலம்' என்பதைப் 'பலம்' என்று வாசித்தாள். பொருள் ஒட்டவில்லை என்று அவளுக்கே தெரிந்து வரியின் தலைக்குத் திரும்பினாள், அங்கிருந்து வேறு வரிக்குப் போய்விட்டாள். எழுதும்போது கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறினாள்.

"நான் மக்கா டீச்சர்?"

"எவன் சொன்னான்?"

"எல்லாருந்தான்."

"எல்லாருக்கும் வாய் இருக்கு. அம்புட்டுதான். ஒனக்கு அறிவுல ஒண்ணுங் கொறையில்ல. எழுத்து ஒங் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவுல சுத்திச் சுத்தி வருது. வேற வழியில போய்ப் பிடிப்போம்."

மணலில் விரலால் எழுத வைத்தாள். சொற்களைக் கை தட்டி அசை அசையாகப் பிரிக்க வைத்தாள். மருத்துவச் சான்றுக்கும் அலைந்து ஏற்பாடு செய்தாள். ஓவியா மெதுவாக, மிக மெதுவாக, வரியைப் பிடிக்கத் தொடங்கியபோது பத்தாம் வகுப்பு வந்துவிட்டது.

ஆடி மாதத்தில் ஒருநாள் அருணாதேவி போனபோது பிள்ளை வகுப்பில் இல்லை. தமிழாசிரியை பொன்னுத்தங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். தலைமையாசிரியர் சீனிவாசகம் வகுப்பைப் பார்வையிட வந்து ஓவியாவை எழுப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் திணறியதும், "தடிமாடு மாதிரி வளந்திருக்க, ஒரு வரி வாசிக்க வக்கில்லையா? போய் ஆனா ஆவன்னாவுல இருந்து வா" என்று, அதே வளாகத்தில் இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு அனுப்பி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். தாவணி வயதுப் பிள்ளை, கால் மடக்க இடமில்லாமல் சின்னஞ்சிறுசுகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த வாண்டு ஒன்று பென்சிலை நீட்டி, "நான் சொல்லித்தாரேன்க்கா" என்றதாம். ஓவியா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு வரவே இல்லை.

அருணாதேவி வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். ஓவியா பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டப் பழகிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பசை ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்தாள். எவ்வளவோ சொல்லி, அடிக்கிற மாதிரி சத்தமும் போட்டு, கடைசியில் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றித் தானே கொண்டுவந்து பத்தாம் வகுப்பில் விட்டாள். கோபம் மட்டும் வெளியே வராமல் உள்ளேயே கொதித்தது.

அடுத்து வந்த ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் கற்றல் குறைபாடு பற்றிப் பேசுவது அவள் முறை. இந்தப் பிள்ளைகள் கண்ணுக்கு எழுத்து எப்படித் தெரியும் என்று காட்ட, பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொம்பும் காலும் இடம் மாற்றி, எழுத்துகளைப் புரட்டிப்போட்டு அச்சடித்துக்கொண்டு போயிருந்தாள். "சீனிவாசகம் சார், எந்திரிச்சு வாசிங்க" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். முதல் சொல்லில் திக்கினார். இரண்டாவது சொல்லைத் தப்பாக வாசித்தார். யாரோ சிரித்தார்கள். அருணாதேவி விடவில்லை.

"தடிமாடு மாதிரி வளந்திருக்கீக. ஒரு வரி வாசிக்க வக்கில்லையா? ஒண்ணாம் வகுப்புல போய் உக்காருறீகளா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் தாளை விட்டெறிந்துவிட்டு வெளியேறினார். அன்று மாலை அருணாதேவி சரவணக்குமாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "அவரு சும்மா இருப்பாரா?" என்று மட்டும் கேட்டான்.

அவர் சும்மா இருக்கவில்லை. பொதுத் தேர்வில் ஓவியா சொல்வதை எழுத ஓர் ஆளும் கூடுதல் நேரமும் அவளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்குத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். "ஆள் வச்சு எழுதுனா நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பேரு. எழுதத் தெரிஞ்சா எழுதட்டும்" என்று சீனிவாசகம் மறுத்துவிட்டார். அருணாதேவி மேலிடத்தில் முறையிட்டாள். பார்க்கிறோம் என்றார்கள். கடைசித் தேதி நெருங்கியது.

இருளம்மாள் வேலை முடிந்த கையோடு அருணாதேவியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். நக இடுக்கில் வெள்ளி நிற மருந்துப்பொடி போகாமல் மினுங்கியது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அம்புட்டுப் பேரு முன்னாடி அவர அசிங்கப்படுத்துனீகளாமே?"

"பின்ன என்ன இருளம்மாக்கா, ஒங்க மகள அவரு செஞ்சத..."

"செஞ்சாரு. நான் இல்லைங்கலையே. நீங்க கோவப்பட்டீக, ஒங்க மனசு ஆறிருச்சு. எம்புள்ளைக்கு என்ன கெடச்சுச்சு டீச்சர்?"

இருளம்மாள் போன பிறகும் அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றது. அருணாதேவிக்குச் சீனிவாசகம் மேல் கோபம், தன்மேல் கோபம், சரியாகக் கேட்டுவிட்டாள் என்று இருளம்மாள் மேலும் கோபம்.

மறுநாள் காலையில் நேரே தலைமையாசிரியரிடம் போய், தான் மன்னிப்புக் கேட்டால் கையெழுத்துப் போடுவீர்களா என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. ஆனா எல்லாரும் இருக்கையில சொல்லணும்."

ஆசிரியர் அறையில் எல்லாரையும் கூட்டினார். அருணாதேவி எழுந்து நின்று, தான் பேசியது தவறு என்றும் சார் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

"பின்னாடி இருக்குறவங்களுக்குக் கேக்கல" என்றார் அவர்.

மறுபடி சொன்னாள், சத்தமாக. அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டியை ஓங்கி உதைத்தாள். கால் கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பொன்னுத்தங்கம் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"தப்பா நினைக்காதீக டீச்சர். அந்தப் புள்ள வாசிக்கையில நானும் சிரிச்சிருக்கேன். இனிமே பாடத்த முதல்லயே நான் அவளுக்கு வாசிச்சுக் காட்டிருறேன்."

"இத உள்ள வச்சுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அருணாதேவி. பொன்னுத்தங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னபடி செய்தாள். தேர்வு வரைக்கும் தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் ஓவியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் வாசித்தாள்.

ஓவியா விடையைச் சொல்லச் சொல்ல, வேறொருவர் எழுதினார். கணக்கில் மட்டும் தட்டுத் தடுமாறினாலும் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். மதிப்பெண் சான்று வாங்கப் போன அன்று சீனிவாசகம் வந்திருந்த பெற்றோர் முன்னால் அவள் தோளில் தட்டி, "நம்ம பள்ளிக்கூடத்துப் பேரக் காப்பாத்திட்டம்மா" என்றார்.

ஓவியா நகரவில்லை. "அருணா டீச்சர் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாகள்ல சார்? நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே" என்றாள்.

அவர் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.

இப்போது ஓவியா சாத்தூரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாசிப்பு இன்னும் மெதுவுதான். பஸ் பலகையைப் படித்து முடிப்பதற்குள் சில நேரம் பஸ் போய்விடுகிறது. அருணாதேவியை அந்த ஜூன் மாதமே ஆலங்குளம் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டது இப்போதும் உறுத்துகிறதா என்று ஒருநாள் சாப்பிடும்போது சரவணக்குமார் கேட்டான்.

"உறுத்தாம? கையெழுத்துக்காகக் கேட்டேன். அந்த ஆளுக்காகக் கேக்கல" என்றாள்.

சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டு, புதுப் பள்ளியில் அன்றைக்குப் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றி, குரல் ஏற ஏறச் சொல்லத் தொடங்கினாள்.