செந்தாமரை போட்ட பத்தியம்

ரெத்தினத்தின் போன் வந்தபோது செந்தாமரை மறுநாள் தன் கஞ்சிக் கடைக்கு வல்லாரைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரெத்தினம் நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். சும்மா போன் போட்டு ஊர்க்கதை பேசுகிற ஆள் இல்லை.

"அக்கா, பதறாம கேளுங்க. அண்ணன் வேனை கேட்லயே நிறுத்திட்டாரு. புள்ளைங்க எல்லாம் நல்லாருக்கு. நீங்க கொஞ்சம் வாங்க."

பதறாமல் கேள் என்று சொன்னால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்? போட்டது போட்டபடி ஓடினாள். கேட் திறந்துதான் இருந்தது. அந்தக் கேட் திறந்திருப்பதே அந்த ஊரில் பெரிய விசேஷம். அப்படித் திறந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் முன்னால் மறித்துக்கொண்டு நின்றால், மன்னார்குடி பஸ்ஸும் நெல் லாரியும் என்ன பாடு படுத்தும் என்று சொல்லவா வேண்டும்? ஹாரன் காதைக் கிழித்தது. வேனுக்குள் பிள்ளைகள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் புருஷன் முருகையன் இருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"செந்தாமர, நல்ல வேளை வந்த. இது எந்த ரோடு? புள்ளைங்கள எங்க கொண்டு வுடணும்?"

அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அதே ரோட்டில் வேன் ஓட்டுகிற மனுஷன் கேட்ட கேள்வி அது. செந்தாமரை வேன் கதவைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். பிரேக்கை மிதித்திருந்த காலில் செருப்பு இல்லை. கழன்று கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ரெத்தினம்தான் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, பிள்ளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

ஊருக்கெல்லாம் ஞாபகசக்திக்குத் துவையல் அரைத்துக் கொடுத்த செந்தாமரையின் வீட்டில் இப்படி நடந்ததுதான் கொடுமை. பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் காலையில் கூட்டம் மொய்க்கும் கடை அவளுடையது. மூட்டு வலியா, முடக்கத்தான் சூப். சளியா, தூதுவளை ரசம். பரீட்சையா, வல்லாரைத் துவையலும் மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சியும். ஒவ்வொன்றும் நாக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்வாள். கைப்பக்குவம் அப்படி. அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் பிறந்தது என்னவோ கோடியக்கரையில், படகு வைத்திருந்த வீட்டில். தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக அவள் கண்டது மீன்சாறுதான். வாக்கப்பட்டு வந்த வீடும் சளைத்ததில்லை. முருகையன் வயல் நண்டும் நத்தையும் தின்று வளர்ந்தவர். மடையில் தண்ணீர் வடிந்தால் கெளுத்தி பிடிக்க முதலில் இறங்குகிற ஆள். சாப்பாட்டு விஷயத்தில் அப்படி ஒரு பொருத்தமான ஜோடியைப் பார்க்க முடியாது.

எல்லாம் அவள் முழங்கால் கெடுத்தது. வலி தாங்காமல், யாரோ சொன்னார்கள் என்று தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இயற்கை உணவு முகாமுக்குப் போனாள். மீன், முட்டை, பால், தயிர் நான்கும் விஷம், மூட்டைப் பிடிப்பதும் அதுதான், மூளையை மங்கடிப்பதும் அதுதான் என்று மேடையில் ஒருவர் அடித்துப் பேசினார். செந்தாமரை அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினாள். உடம்பு இளைத்தது. முழங்கால் வலி குறைந்தது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? வீட்டு மீன்சட்டியைக் கொல்லையில் கவிழ்த்தாள். கடை போட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் பாலை நிறுத்து, முட்டையை நிறுத்து என்று ஓத ஆரம்பித்தாள்.

முருகையன் முதலில் முணுமுணுத்தார். "நாக்கை அடக்கத் தெரியாதவரு என்ன ஆம்பள?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். ரோஷக்கார மனுஷன், அன்றைக்கு வாயைக் கட்டியவர்தான். கல்யாண வீட்டில் மோர்கூடத் தொடமாட்டார். "எங்க வீட்டுல அது பழக்கமில்லீங்க" என்று பெருமையாகச் சொல்வார். அஞ்சு வருஷம் ஓடிவிட்டது.

இந்த ஒரு வருஷமாகத்தான் அவர் உடம்பு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நாக்கு சிவந்து எரிகிறது என்றார். மணத்தக்காளிக் கீரை செய்து போட்டாள். பாதம் மரத்துப்போகிறது, தரையே தெரியவில்லை என்றார். வாதம் என்று முடக்கத்தானைக் கூட்டினாள். வேனில் ஏறும் பிள்ளைகளின் பெயர் மறந்துபோகிறது என்றார். வல்லாரையை இரண்டு வேளை ஆக்கினாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கீரை இருந்தது. அவரும் மறுபேச்சு பேசாமல் விழுங்கினார்.

கேட்டில் வேன் நின்றதற்கு மறுநாள் தஞ்சாவூருக்கு ஓடினார்கள். நரம்பு டாக்டர் தஹ்மீனா நடுவயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். தலையை ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார். மூளை சுருங்குகிற வியாதி என்று சொல்லிவிடுவாரோ என்று செந்தாமரை வராந்தாவில் உட்கார்ந்து தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். தன் பெயரையே இந்த மனுஷன் மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு அவளை விடவேயில்லை.

ஸ்கேனில் கோளாறு இல்லை. ரத்தத்தில்தான் இருந்தது.

"பி12 சத்து அடிமட்டத்துல இருக்கும்மா. அதான் மறதி, அதான் கால் மரத்துப் போறது. இவரு சாப்பாடு எப்படி?"

செந்தாமரை மடமடவென்று ஒப்பித்தாள். கவுனி அரிசி, வல்லாரை, முருங்கை, முளைகட்டிய பயறு. அஞ்சு வருஷமாக மீன், முட்டை, பால் வாடையே கிடையாது என்று முடித்தாள். அப்போதும் குரலில் பெருமை போகவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கீரையை நான் வேணாங்கல. நல்லா சாப்பிடுங்க. ஆனா பி12 கீரையில வராது. மீன், முட்டை, பால், கறி, இதுலதான் வரும். இல்லன்னா மாத்திரையா எடுத்துக்கணும். அஞ்சு வருஷமா அதை மொத்தமா நிறுத்தி வச்சிருக்கீங்களே."

கன்னத்தில் அறைந்தால்கூட அவள் அப்படி அதிர்ந்திருக்க மாட்டாள். மூளைக்கு நல்லது என்று எதைப் பிடுங்கி எறிந்தாளோ அதில்தான் இவர் மூளைக்கு வேண்டியது இருந்திருக்கிறது. வியாதி வெளியிலிருந்து வரவில்லை. அவள் அடுப்படியிலிருந்து வந்திருக்கிறது.

"நினைவு திரும்புமா டாக்டரம்மா?"

"ஊசி போடுவோம். பெரும்பாலும் திரும்பும், வாரக் கணக்காகும். கால் முழுசா சரியாகுமான்னு இப்ப சொல்ல முடியாது. அதுவரைக்கும் வண்டி தொடக்கூடாது. நீங்களும் இதே சாப்பாடுதானே? உங்க ரத்தத்தையும் பார்த்துடுவோம்."

அடுத்த முறை போனபோது அவள் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரின் புருவம் ஏறியது.

"உங்களுக்கு நல்லாவே இருக்கே. சத்து மாத்திரை ஏதும் போடுறீங்களா?"

"இல்லீங்க."

"இவ கண்டிப்பானவ டாக்டர்," என்றார் முருகையன், குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு. "நானாவது ஆசைப்படுவேன். இவ தொடவே மாட்டா."

டாக்டர் அவளையே பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. செந்தாமரைக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். கோடியக்கரையில் தனியாக இருக்கும் அம்மா வேம்புவைப் பார்க்க மாதத்துக்கு இரண்டு தடவையாவது பஸ் ஏறுவாள். போனால் மூன்று நாள் தங்குவாள். "புல்லைத் தின்னு புல்லைத் தின்னு எலும்பும் தோலுமா வந்திருக்கியேடி" என்று திட்டிக்கொண்டே அம்மா மடவை மீன் குழம்பை ஊற்றுவாள். முதல் தடவை அம்மா மனசு நோகக் கூடாது என்று சாப்பிட்டாள். இரண்டாம் தடவை அந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை. நண்டு, இறால், பால் டீ என்று வாய் மணக்கச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். வீட்டுக்கு வந்தால் முருகையன் கீரைச் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பார். சொன்னவள் மீறிவிட்டு நன்றாக இருக்கிறாள். சொன்ன சொல்லைக் கேட்டவருக்கு வழி மறந்துபோனது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்?

தஞ்சாவூரிலிருந்து திரும்பிய மறுநாளே கடையில் அவள் சொன்னாள். பாலை நிறுத்தியவர்கள் குடியுங்கள், முட்டையை நிறுத்தியவர்கள் சாப்பிடுங்கள், முடியாதென்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரையாவது போடுங்கள் என்றாள். தினம் கஞ்சி குடிக்க வரும் ஒருவர் சிரித்தார். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, பயந்துட்டீங்களே" என்று அவளுக்கே தைரியம் சொன்னார். அவள் அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அன்றைக்கு அந்த ஆளுக்குக் கஞ்சி இல்லை.

வீட்டில் விரால் வாங்கிக் குழம்பு வைத்தாள். கொல்லையில் கவிழ்த்த சட்டியில் விரிசல் விட்டிருந்ததால் ரசப் பாத்திரத்தில்தான் வைத்தாள். முருகையன் தட்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"டாக்டரம்மா சாப்பிடச் சொன்னாங்கல்ல, சாப்பிடுங்க."

"நீ?"

அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"அஞ்சு வருஷமா நீ வாயைக் கட்டிக்கிட்டு இருக்க. நான் மட்டும் உக்காந்து திங்கிறதா? எடு, எடு. ஊசி போதும்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முருகையன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் பயந்துகொண்டே மீன் வறுத்தாள். முருகையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"என்ன புள்ள மீன் வாசன? நீ வாயைக் கட்டிக்கிட்டு இருக்கப்ப எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

செந்தாமரையின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நேற்று நடந்தது ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. பேசாமல் விட்டால் விட்டதுதான். இன்றிலிருந்து நானும் சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சந்தோஷமாகச் சாப்பிடுவார். அம்மாவைத் தவிர சாட்சி யாரும் கிடையாது. அந்த யோசனை வந்ததில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

அதே மாதிரி அவர் முகம் வாடியது. அதே கேள்வியைக் கேட்டார். ஆனால் அன்றைக்கு அவள் விடவில்லை. தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அவர் கண்ணெதிரே சாப்பிட்டு, அவரையும் சாப்பிட வைத்தாள். அப்புறம் அவர் எப்போதெல்லாம் "நீ வாயைக் கட்டிக்கிட்டு" என்று ஆரம்பித்தாரோ, அப்போதெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதிதாக வலித்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஊசி ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான பேச்சு வரப்போகிறது என்று அவளே முந்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறப்பல்லாம்..."

"அதான் நேத்தே சொன்னியே. அதுக்கு முன்னாடியும் சொன்ன." அவர் நிமிராமல் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "ஞாபகம் இருக்கு."

அவளுக்கு ஓடிப்போய்த் தெருவெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நினைவு திரும்பிவிட்டது. அடுத்த கணமே இன்னொன்றும் உறைத்தது. இனி இது அவருக்கு மறக்காது.

முருகையன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். நடை இன்னும் தடுமாறியது. வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"அடுத்த தடவ கோடியக்கரைக்கு நானும் வர்றேன். இனிமே தனியா போகாத."

"சரிங்க," என்றாள் செந்தாமரை.