ஏழு வருஷம் சொன்ன சாட்சி

சிலாஸ் அண்ணன் குடியை விட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று மெட்டுகுடாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் என்பது அதற்கப்புறம்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு புகழ் வரவே கூடாது என்பது என் கட்சி.

நான் ரகுநாதன். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குழாயைச் சூடுகாட்டி ஊதி வளைக்கிற வேலை. கை நடுங்கினால் அந்த வேலை போச்சு. குடியால் எனக்குக் கால் வரைக்கும் நடுங்கியது. 1983இல் என் தங்கை கனகவல்லி என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, குடியை விடவைக்கிற மெட்டுகுடா பெத்தெஸ்தா இல்லத்து வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

இல்லத்தை நடத்தியவர் ஞானசௌந்தரி அக்கா. ரிட்டையர்டு நர்ஸ். புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். நெற்றியில் விபூதியோடு போய் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமி ஒன் சாமியாவே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒரு சொட்டு குடிச்சாலும் அன்னைக்கே பெட்டியத் தூக்கிரணும். சம்மதமா?"

"ஹவ்" என்று தலையாட்டினேன். வேறு போக்கிடம் ஏது?

என்னைத் தவிர எட்டு ஆண்கள், ஒரு ஹால், ஒரு கிணறு. விடியற்காலை ஜெபம். வேலைக்குத் தவிர வெளியே போனால் இரண்டு பேராகத்தான் போகவேண்டும். ஒருவன் குடித்ததை மற்றவன் மறைத்தால் இரண்டு பேருக்கும் கல்தா. ஜெயில் என்று திட்டிக்கொண்டே இருந்தோம். ஆனால் முதல் வாரம் எனக்கு உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிற மாதிரி இருந்து நான் கத்தியபோது, அந்த எட்டுப் பேரில் யாராவது ஒருவர் என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகமாக உட்கார்ந்தவர் சிலாஸ் அண்ணன். என் கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. அதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

ஆறு மாசம் தங்க வந்த சிலாஸ் அண்ணன் வருஷக்கணக்காக அங்கேயே இருந்தார். அவர் பெயரில் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் பத்து நிமிஷ நடை. அங்கே அவர் மனைவி ஜெயசுந்தரி தனியாக இருந்தார், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் இல்லத்தில், குடியை விட்ட கதையை எல்லார் முன்னாலும் சொல்கிற சாட்சிக் கூட்டம் நடக்கும். அந்த அம்மா வந்து பெண்கள் பாயில் கடைசியாக உட்காருவார். கூட்டம் முடிந்ததும் போய்விடுவார்.

சாட்சி என்றால் சிலாஸ் அண்ணன்தான். அவருடைய சாட்சி எனக்கே மனப்பாடம். 1976இல் ஜெயசுந்தரிக்கு வலி எடுத்ததும், அடுத்த சந்து மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார். வழியில் கள்ளு காம்பவுண்டு என்கிற கள்ளுக்கடை. ஒரே ஒரு பாட்டில் என்று நுழைந்தவர் மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தார். அதற்குள் குழந்தை செத்துப் பிறந்து, அக்கம்பக்கத்தார் அடக்கமும் பண்ணிவிட்டிருந்தார்கள். "என் ஆண் பிள்ளை முகத்தை நான் பாக்கல" என்று சொல்கிற இடத்தில் அவர் குரல் உடையும். கூட்டம் 'ஸ்தோத்திரம்' என்று அழும். ஜெயசுந்தரி மட்டும் அழுது நான் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரி என்றுகூட நினைத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இனிமே சொல்லலக்கா. ஒவ்வொரு தடவையும் குழியத் தோண்டிப் பாக்கற மாதிரி இருக்கு" என்று சிலாஸ் அண்ணன் அக்காவிடம் ஒருநாள் கெஞ்சினார்.

"நீ சொல்றதக் கேட்டுத்தான் நாலு பேரு திருந்த வாரான். ஒனக்குக் கஷ்டம்னு அவங்கள விட்டுரச் சொல்றியா?" என்றார் அக்கா. அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கணக்கில் சிலாஸும் ஒரு ஆள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

வீட்டுக்குப் போய்விடலாமே என்று நான் அண்ணனிடம் கேட்டேன். "கள்ளு காம்பவுண்டுக்குப் பயமா அண்ணே?"

"நக்கோ ரகு, அதுக்கில்ல. அதத் தாண்டிருவேன். ஜெயா மொகத்துக்கு எதிர்ல தனியா உக்காரணுமே, அதுக்குத்தான் பயம்."

நூறு பேருக்கு முன்னால் சொல்ல முடிந்ததை ஒருத்தியிடம் பேச முடியவில்லை. இல்லத்தில் இருந்தால் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், வெளியே போனால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பொறியில் அகப்பட்ட எலியாக இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

1985இல் அவர் குடியை விட்டு ஏழு வருஷம் நிறைய இருந்தது. அதற்குச் சில வாரம் முன்பு ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். கூட்டம் முடிந்து டீ கொடுத்தபோது எலிசபெத் என்ற ஒரு அம்மா, பாவம், நல்ல மனசோடுதான் கேட்டார்: "பிள்ளைக்கு என்ன பேர் வைக்கணும்னு நெனச்சிருந்தீங்க பிரதர்?"

அண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மௌலாலி வந்ததும் திடீரென்று இறங்கிவிட்டார். நானும் குதித்து ஓடினேன். அங்கிருந்த கள்ளு காம்பவுண்டு வாசலில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே போனால் நானும் குடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வாசலிலேயே நின்று அழுதேன். இரண்டு பாட்டில் முடித்துவிட்டு வந்தார். வெற்றிலை வாங்கி மெல்லக் கொடுத்தேன், தலையில் தண்ணீர் ஊற்றினேன், காய்ச்சல் என்று சொல்லிப் படுக்கவைத்தேன். அக்காவிடம் சொன்னால் எனக்கும் பெட்டி. வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் குடிக்கவில்லை, ஆனால் சரியாகச் சாப்பிடவும் இல்லை. யாராவது 'ஏழு வருஷம்' என்றாலே தலையைக் குனிந்துகொள்வார்.

ஏழு வருஷம் நிறைந்த அந்த இரண்டாம் ஞாயிறு ஹால் நிரம்பியிருந்தது. கேக் வைத்து அதன்மேல் ஏழு என்று எழுதியிருந்தார்கள். சிலாஸ் அண்ணன் எழுந்து நின்றார். வலி எடுத்தது, ஓடியது, பாட்டில், எல்லாம் வந்தது. "என் ஆண் பிள்ளை முகத்தை..." என்றவர் நிறுத்திவிட்டார். கூட்டம் கண்ணைத் துடைக்கத் தயாராக இருந்தது.

"ஏழு வருஷம் இல்லக்கா. இருபத்திரண்டு நாள்தான்" என்றார்.

நான் எழுந்து, "கூட இருந்தது நான்தான்க்கா, மறைச்சேன்" என்றேன்.

அக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது. "நீ உக்காரு. ஒன்ன அப்புறம் வச்சுக்கறேன்" என்றார் என்னிடம். பிறகு மெதுவாக, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சிலாஸ். பெட்டிய எடு."

அப்போது பெண்கள் பாயில் கடைசியிலிருந்து ஜெயசுந்தரி எழுந்தார். ஏழு வருஷத்தில் அந்த ஹாலில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

"அவர் சொன்னதுல இன்னொரு தப்பும் இருக்கு" என்றார். "அது பையன் இல்ல. பொண்ணு."

சிலாஸ் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பையன்னு... யாரோ சொன்னாங்களே ஜெயா. ஏன் நீ சொல்லல?"

"ஊருக்கெல்லாம் சொன்னீங்க. என்கிட்ட ஒருநாளும் கேக்கலியே" என்றார் அந்த அம்மா. அதற்கப்புறம்தான் அழுதார்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அக்கா பைபிளை மூடிவிட்டு அந்த அம்மாவிடம் போய், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. சட்டத்தை மட்டும் மாற்றவில்லை. சிலாஸ் அண்ணன் பெட்டியோடு வெளியே போனார், ஜெயசுந்தரி கூடப் போனார்.

கேட்டைத் தாண்டி நாலடிகூட நடக்கவில்லை. சந்தில் வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்து இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் ஏதோ கேட்டார். அந்த அம்மா பேச ஆரம்பித்தார். கையை அகட்டி இவ்வளவு நீளம் என்று காட்டினார், தலையைத் தொட்டுக் காட்டினார், நெற்றியைக் காட்டினார். ஜன்னலில் எட்டுத் தலைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. "போங்கடா அந்தப் பக்கம்" என்று அக்கா எங்களை விரட்டிவிட்டு, இரண்டு டம்ளர் டீயை அவரே கேட்டுக்கு வெளியே எடுத்துப்போய்க் கொடுத்தார்.

சட்டப்படி எனக்கும் பெட்டிதான், ஆனால் அக்கா ஏனோ எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மாசம் என்னோடு பேசவும் இல்லை.

சிலாஸ் அண்ணன் அதற்கப்புறம் இல்லத்தில் தங்கவில்லை. சாயங்காலம் ஒர்க்‌ஷாப் கேட்டிலிருந்து குவார்ட்டர்ஸ் வரைக்கும் எங்களில் இரண்டு பேர் முறை வைத்து அவரோடு நடந்தோம். இரண்டாம் ஞாயிறுகளில் மனைவியோடு வந்து ஒரே பாயில் உட்காருவார். அக்கா அவரை அழைப்பதில்லை. விஷயம் தெரியாத வெளியூர் போதகர் யாராவது வந்து, சாட்சி சொல்லுங்கள் பிரதர் என்று கேட்டால், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்வார்.

"வீட்டுல சொல்லியாச்சு ஐயா."